போர்ட்டின் ஓட்டைகளை எண்ணிவிட்டுக் காசை எடுங்கள்

போன மாதம் உப்புவெளியிலிருந்து ஒரு பெடியன் கடைக்கு வந்து, கொழும்பில் போட்டுக் கொடுத்த கொட்டேஷன் ஒன்றை மேசையில் விரித்தான். கல்யாண வீடு, சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பவன். தாளில் ரைசன் 9 9950எக்ஸ்3டி புரொசசர், எக்ஸ்870ஈ போர்ட் (எல்லாப் பாகங்களையும் பூட்டும் மதர்போர்ட்), 360 மில்லிமீற்றர் தண்ணீர்க் கூலர், 64 ஜிபி டிடிஆர்5 ரேம். போர்ட்டுக்கு மட்டும் ஒன்றே முக்கால் இலட்சம் எழுதியிருந்தது.

"அண்ணை, இதை எடுத்தா பத்து வருசத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை எண்டு சொல்லினம்."

"அது கிடக்கட்டும். போர்ட்டுக்குப் பின்னால எத்தனை ஓட்டை இருக்கு, அதில எத்தனைக்கு நீ வயர் குத்தப் போறாய்?"

விரல்விட்டு எண்ணினான். கீபோர்ட், மவுஸ், கார்ட் ரீடர், வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு, நெட் வயர். ஆறு. அந்தப் போர்ட்டில் யூஎஸ்பி மட்டுமே பன்னிரண்டு இருந்தது. மிச்சத்துக்கு யார் காசு கொடுப்பது?

என் கடை திருகோணமலை மத்திய வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருக்கிறது. அப்பா காலத்தில் ரேடியோவும் டீவியும் திருத்திய இடம். நான் கொம்பியூட்டர் பூட்டத் தொடங்கியது 2011இல். அந்த வருடம் வந்த இன்டெல் ஐ7-2600கே வெளிவந்தபோது 317 டொலர். டொலர் 110 ரூபாய் அளவில் இருந்தது. சாதாரண ஆள் வாங்கக்கூடியதில் அதுதான் உச்சி, 35 ஆயிரத்துக்குள் அடங்கியது. இன்றைக்கு அந்தக் காசுக்கு நல்ல கேஸும் பவர் சப்ளையும் வாங்கலாம், அவ்வளவுதான். அதனால் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முறையை இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கதைத்துத் தொண்டை நோகிறது.

விலை எங்கே ஏறியது

எல்லாரும் புரொசசர் விலை ஏறிவிட்டது என்கிறார்கள். அது பாதி உண்மை. 2020 நவம்பரில் ரைசன் 9 5950எக்ஸ் வந்தபோது 799 டொலர், 16 கோர் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் மூளைகள்). டொலர் அப்போது 185 ரூபாய் அளவில். வரி, கப்பல் கூலி, கடைக்காரர் இலாபம் ஒன்றும் சேர்க்காமல் 147,815 ரூபாய். 2024இல் வந்த 9950எக்ஸும் 16 கோர்தான், வேகம் கூட, விலை 649 டொலர். டொலரை 300 என்று பிடித்தால் 194,700 ரூபாய். அங்கே 150 டொலர் குறைந்திருக்கிறது, இங்கே 47 ஆயிரம் கூடியிருக்கிறது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்ட பிறகு டொலர் போன போக்கை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கு மேல் பெறுமதி சேர் வரி. 2020இல் 8 வீதமாக இருந்தது, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம்.

ஆகவே புரொசசர் விலைக்குக் கம்பெனிக்காரனைத் திட்டுவதில் பெரிய நியாயமில்லை. 2017இல் 16 கோர் வேண்டுமென்றால் 999 டொலர் கொடுத்து, பெரிய வேலைக்கான தனி வரிசையான திரெட்ரிப்பர் 1950எக்ஸ் வாங்க வேண்டியிருந்தது. இப்போது சாதாரண போர்ட்டில் புரொசசர் உட்காரும் சொக்கெட்டிலேயே அது கிடைக்கிறது. உச்சிதான் இன்னும் மேலே போய்விட்டது: 64 கோர் திரெட்ரிப்பர் 7980எக்ஸ் 2023இல் 4,999 டொலருக்கு வந்தது. திருகோணமலையில் அது தேவைப்படும் ஆளை நான் இன்னும் காணவில்லை.

போர்ட் கதை வேறு. அது டொலரிலேயே ஏறியது. காரணம் தெரிந்தால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதும் பிடிபடும். கிராபிக்ஸ் கார்ட்டும் எஸ்எஸ்டியும் புரொசசரோடு பேசும் பாதைக்கு பிசிஐஇ என்று பெயர். 2019இல் அதன் 4.0, 2021 கடைசியில் 5.0 வந்தது. சிக்னலின் வேகம் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பானது. அந்த வேகத்தில் சிக்னல் பலகைக்குள் போகப் போகத் தேய்ந்துவிடும். அதைக் காப்பாற்றப் பலகையில் அடுக்குகளைக் கூட்ட வேண்டும், நல்ல தரமான பலகைப் பொருள் போட வேண்டும், தூரம் கூடினால் இடையில் சிக்னலைத் தூக்கிவிடும் சிப்புகளும் வேண்டும். அடுத்தது கரண்ட். 9950எக்ஸ் முழு வேகத்தில் 200 வொட் அளவில் இழுக்கும், இன்டெல் 14900கே 253 வொட் வரை. அதைத் தாங்க, புரொசசரைச் சுற்றி மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் விஆர்எம் பகுதி தடித்துக்கொண்டே போனது. முன்பு ரைசன் செய்யும் ஏஎம்டியில் புரொசசரின் வயிற்றில் இருந்த பின்கள் ஏஎம்5 சொக்கெட்டில் போர்ட்டுக்கு வந்துவிட்டன. எக்ஸ்870 என்று பெயர் போட்டால் யூஎஸ்பி4 கட்டாயம், அதற்கும் தனிச் சிப்பு.

இதெல்லாம் உண்மையான செலவு. ஆனால் அதன் மேல் அலுமினியக் கவசம், கலர் லைட், குட்டித் திரை எல்லாம் ஏற்றி இன்னொரு செலவையும் ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் குட்டித் திரையில் புரொசசரின் சூடு தெரியுமாம். நம்மூர் மே மாதத்தில் அதைத் திரை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

முதலில் பழைய மெசினை அளங்கள்

கொட்டேஷன் கேட்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. பத்தில் எட்டுப் பேர் செய்வதில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். பிறகு உங்களுடைய மிகப் பாரமான வேலையை ஓட விடுங்கள். விளையாட்டு என்றால் விளையாட்டு, வரைபடம் என்றால் வரைபடம், வீடியோ என்றால் ஒரு முழுக் கல்யாணத்தின் எக்ஸ்போர்ட். அரை மணித்தியாலம் பார்த்து, புரொசசர் எத்தனை வீதம், ரேம் எத்தனை ஜிபி, கிராபிக்ஸ் கார்ட் எத்தனை வீதம் என்று கொப்பியில் எழுதுங்கள்.

புரொசசர் நாற்பது வீதத்திலேயே நின்று கிராபிக்ஸ் கார்ட் நூறில் திணறினால், இன்னும் பெரிய புரொசசர் வாங்கி ஒன்றும் ஆகாது. ரேம் நிரம்பி வழிந்தால் ரேம்தான் மருந்து. ஒரே ஒரு கோர் மட்டும் நூறில் நின்று மற்றவை தூங்கினால், உங்களுடைய மென்பொருளுக்கு 16 கோர் வீண். கோர் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகமே முக்கியம். உவர்மலையில் ஓட்டோகாட் வரையும் ஒரு அக்காவுக்கு இதைக் காட்டினேன். அவருக்கு எடுத்து வைத்திருந்த காசில் பாதிதான் செலவானது.

உப்புவெளிப் பெடியனின் மெசினையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ரைசன் 5 3600, ஜிடிஎக்ஸ் 1660 கார்ட், 32 ஜிபி டிடிஆர்4. எக்ஸ்போர்ட் பரவாயில்லை. ஆனால் டைம்லைனில் படத்தை ஓட விட்டாலே புரொசசர் நூறு வீதம், படம் விக்கி விக்கிப் போனது. சுருக்கிய படத்தைப் பிரிக்கும் வேலையைக் காட்டும், கார்ட்டின் வீடியோ டிகோட் என்ற கோடு மட்டும் சும்மா படுத்திருந்தது. அங்கேதான் விஷயம் பிடிபட்டது. அவனுடைய புதுக் கமெரா எச்.265, 10 பிட், 4:2:2 என்ற, நிறத் தகவல் கூடிய சுருக்க வகையில் பதிகிறது. அந்த வகையைப் பிரித்துக் கொடுக்கும் வசதி அவனுடைய கார்ட்டில் இல்லை. அதனால் முழுப் பாரமும் புரொசசர் தலையில். இப்போது கவனியுங்கள்: கொட்டேஷனில் இருந்த அந்தப் பெரிய ரைசனின் உள் கிராபிக்ஸுக்கும் அந்த வசதி கிடையாது! பலத்தால் தள்ளி ஓட்டும், அவ்வளவுதான். இன்டெலில் 11ஆம் தலைமுறையிலிருந்து உள் கிராபிக்ஸிலேயே அது இருக்கிறது. என்விடியாவில் 50 வரிசைக் கார்ட்டுகளில் வந்தது.

வீடியோக்காரர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம்: இன்டெல் புரொசசரின் பெயர்க் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள் கிராபிக்ஸ் இல்லை. கொஞ்சக் காசு குறைவு என்று அதை எடுத்தால் வாங்க வந்ததையே விட்டுவிட்டுப் போகிறீர்கள். உங்களுடைய எடிட்டிங் மென்பொருள் அந்த வசதியைப் பயன்படுத்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றின் இலவசப் பதிப்பு பயன்படுத்தாது. காசே செலவழிக்க முடியாதென்றால் புரொக்சி கோப்புகள் (வெட்டுவதற்கு மட்டும் பாரம் குறைந்த பிரதிகள்) உருவாக்கி வெட்டுங்கள். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயாராக இருக்கும்.

புரொசசர்

உச்சியில் இருப்பதற்கு ஒரு படி கீழே வாங்குங்கள். கடைசிப் படிக்குத்தான் காசு அதிகம், பலன் குறைவு. எக்ஸ்3டி என்று முடிபவை விளையாட்டுக்காரர்களுக்கு. சிப்புக்கு மேல் அடுக்கிய கூடுதல் கேஷ் நினைவகம் விளையாட்டில் நன்றாகக் காட்டும், வீடியோ வெட்டும் வேலையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. விளையாட்டு மட்டும்தான் என்றால் 8 கோர் எக்ஸ்3டி போதும், 16 கோர் வேண்டாம்.

உண்மையிலேயே 16 கோர் தேவைப்படும் ஆட்கள் இருக்கிறார்கள். நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களுக்கு முப்பரிமாணப் படம் செய்து கொடுப்பவர் ஒருவர், இரவிரவாக ரெண்டர் ஓட விடுவார். அவருக்கு 9950எக்ஸ் பூட்டினேன். போர்ட், எக்ஸ்870ஈக்குக் கீழ்ப்படியான பி850. பயோஸில் (போர்ட்டின் அடிப்படை மென்பொருள்) கரண்டைக் குறைக்கும் ஈகோ மோட் போட்டு 105 வொட்டுக்கு இறக்கினேன். வேகம் குறைந்தது கொஞ்சம்தான். தண்ணீர்க் கூலர் இல்லாமல் நல்ல காற்றுக் கூலர் ஒன்றோடு ஓடுகிறது. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் அறை 34 பாகையில் இருக்கும் ஊரில் இது பெரிய விஷயம், கரண்ட் பில்லிலும் தெரியும்.

போர்ட்

ஒரு தாள் எடுத்து உங்களுக்குத் தேவையானதை எண்ணி எழுதுங்கள். போர்ட்டிலேயே நேராகக் குத்தும் எம்.2 எஸ்எஸ்டி எத்தனை? பெரும்பாலானோருக்கு இரண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு சாட்டா வயர் குத்தும் துவாரம் எத்தனை? பின்பக்க யூஎஸ்பி எத்தனை? கிராபிக்ஸ் கார்ட் தவிர வேறு கார்ட் போடுவீர்களா? வைஃபை வேண்டுமா, வயரா? இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மிகக் குறைந்த விலைப் போர்ட்டிலிருந்து மேலே ஏறி வாருங்கள். மேலிருந்து கீழே இறங்கி வந்தால் எங்கும் நிற்க மனம் வராது.

எக்ஸ்870ஈ என்ற பெயரில் மயங்க வேண்டாம். பி850இல் ஓட்டைகளைக் கவனித்துக்கொள்ளும் அதே சிப்செட் சிப்பை இரண்டாகக் கோத்ததுதான் அது. ஓட்டைகள் கூடும். புரொசசர் அதனால் ஒரு துளி வேகமாக ஓடாது. ஏஎம்டியில் பி வரிசைப் போர்ட்டிலும் ஓவர்குளொக் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யலாம். இன்டெலில் அதற்கு இசட் வரிசை வேண்டும். ஆனால் இந்தச் சூட்டில் ஏன் அந்த ஆசை?

நான் காசு கொடுக்கச் சொல்வது மூன்றுக்குத்தான். விஆர்எம் மேல் சூட்டை இறக்கும், உண்மையான கனமுள்ள ஹீட்சிங்க் இருக்க வேண்டும். ஒன்றுமில்லாமல் மொட்டையாக இருக்கும் போர்ட்டில் 12 கோருக்கு மேல் போடாதீர்கள். புரொசசர் பூட்டாமலே பயோஸ் மாற்றும் பொத்தான் பின்னால் இருக்க வேண்டும். பெட்டி கடைத் தட்டில் எட்டு மாதம் கிடந்திருந்தால் புதுப் புரொசசரை அது அடையாளம் காணாது, அப்போது இந்தப் பொத்தான்தான் கொழும்புப் பயணத்தை மிச்சம் பிடிக்கும். மூன்றாவது, எஸ்எஸ்டி போட்டாலும் கிராபிக்ஸ் கார்ட்டின் பாதை குறையாத போர்ட். அது தெரிவது கையேட்டில் ஒரு பக்கத்தில். இரண்டாவது எம்.2 துவாரத்தில் எஸ்எஸ்டி போட்டால் கிராபிக்ஸ் கார்ட்டின் பாதை பாதியாகும் என்று சில போர்ட்டுகளில் சின்ன எழுத்தில் இருக்கும். வாங்க முன்பே கையேட்டை இறக்கி அந்த அட்டவணையைப் பாருங்கள். விலை கூடிய போர்ட்டுகளிலும் இந்தக் கோளாறு உண்டு, அதுதான் எரிச்சல்.

ரேம் துவாரம் நான்கு என்பதும் பெரிய பெருமையில்லை. டிடிஆர்5இல் நான்கும் நிரப்பினால் வேகம் இறங்கும். ஏஎம்5இல் நான்கு ரேமுக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 3600 மட்டுமே. இரண்டாக வாங்குங்கள், இரண்டு துவாரப் போர்ட்டே போதும்.

ரேம் பேச்சு வந்ததால் சொல்கிறேன், 2025 கடைசியிலிருந்து அதன் விலை தலைகால் தெரியாமல் ஏறியது. செயற்கை நுண்ணறிவு சேர்வர்களுக்கு நினைவகச் சிப்புகள் போய்க்கொண்டிருக்கின்றன. மைக்ரோன் நிறுவனம் குருசியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்ற வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசெம்பரில் அறிவித்தது. ஆகவே கையில் பழைய வகையான டிடிஆர்4 ரேம் இருந்தால் அதைத் தூக்கி எறிகிற மாதிரிப் போர்ட் வாங்காதீர்கள். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சொக்கெட்டில் இருப்பவர்கள் போர்ட்டை மாற்றாமல் பயோஸை மட்டும் புதுப்பித்து ரைசன் 7 5700எக்ஸ் போன்ற ஒன்றைப் போடலாம். இன்டெல் 1700 சொக்கெட்டில் டிடிஆர்4 எடுக்கும் பி760 போர்ட்டுகள் உண்டு. அதே பெயரில் டிடிஆர்5 போர்ட்டும் இருக்கும், பெட்டியில் டி4 அல்லது டிடிஆர்4 என்ற எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் நிற்கும்போது

பம்பலப்பிட்டியில் நாலு கடை ஏறி இறங்குங்கள். ஒரே போர்ட்டுக்கு ஒரு தளத்திலேயே விலை மாறும். கொட்டேஷனில் அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், வரி சேர்ந்த விலையா என்றும் கேளுங்கள். போர்ட் பெட்டியைக் கடைக்காரர் முன்னால் திறந்து, சொக்கெட் மூடியைத் தூக்கி, பின்களைப் போனில் படம் எடுங்கள். டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் வளைந்த பின் ஒன்று இருந்தாலும் கண்ணில் குத்தும். பின் வளைந்தால் வொரண்டி கிடையாது. நான் ஒருமுறை இரவு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று திறக்காமல் கொண்டுவந்து, மூன்று பின் படுத்திருக்கக் கண்டேன். கடையில் ஏற்கவில்லை. ஊசியும் பூதக் கண்ணாடியும் வைத்து ஒரு பகல் முழுக்க நிமிர்த்தினேன்.

பெட்டியின் சீரியல் இலக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். சிரிக்க வேண்டாம், 2023இல் ஒரு போர்ட் பெட்டியைக் கடை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். பஸ் நிலையப் பக்கத்திலிருந்து வந்த மான் ஒன்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த மூலையைத் தின்றுவிட்டது. வொரண்டிக்குப் போனபோது அதைச் சொன்னால் கொழும்பில் யார் நம்புவார்?

பழைய பொருள் வாங்குபவர்களுக்கு இரண்டே வார்த்தை. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9களில் மின்னழுத்தக் கோளாறால் சிப்பே தேய்ந்துபோகும் பிரச்சினை இருந்தது. 2024இல் பயோஸ் வழியாகத் திருத்தம் வந்தது, இன்டெல் வொரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பைத் திருத்தம் மீட்காது. யாரோ பாவித்த ஒன்றை எடுக்காதீர்கள். அடுத்தது, மலிவு என்று வரும் பழைய எக்ஸ்99 போர்ட், சேர்வருக்கான சியோன் புரொசசர் சோடி. சிப்செட்டைப் பழைய பலகையிலிருந்து கழற்றி ஒட்டியதாக இருக்கும். பொழுதுபோக்காகக் கிண்டிப் பார்க்க வாங்குங்கள், பிழைப்புக்கு வேண்டாம்.

உப்புக் காற்று

இது கொழும்புக் கடைக்காரர் சொல்லமாட்டார். தொழில் தொடங்கிய காலத்தில் திருக்கடலூர் வீட்டில், கடலைப் பார்த்த யன்னலுக்குக் கீழே என் மெசினை வைத்திருந்தேன். பதினாலு மாதத்தில் போர்ட்டின் பின்பக்க ஓட்டைகள் பச்சை பூத்தன. பிறகு ரேம் துவாரமும் போனது. இரண்டு இலட்சத்துப் போர்ட் என்றாலும் உப்புக்கு ஒன்றுதான்.

மெசினைக் கடல் பக்கச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்துங்கள். குத்தாத ஓட்டைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள், சொற்ப விலை. இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது ஓட விடுங்கள், அந்தச் சூடே ஈரத்தைத் துரத்தும். மூடி வைக்கும் மெசின்தான் முதலில் சாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரேமைக் கழற்றி, தங்க நிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் அல்கஹோலால் துடையுங்கள்.

ஐப்பசி மழையோடு இடி வரும்போது யூபிஎஸ் மட்டும் காப்பாற்றாது, பிளக்கைக் கழற்ற வேண்டும், நெட் வயரையும். எத்தனையோ போர்ட்டுகள் நெட் வயர் வழியாக வந்த மின்னலில் போய் என் மேசைக்கு வந்திருக்கின்றன. வீட்டு எர்த் கம்பி உண்மையில் மண்ணுக்குள் போகிறதா என்று மின்சார வேலை செய்பவரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

உப்புவெளிப் பெடியனுக்குக் கடைசியில் பூட்டியது ஐ5-14500, டிடிஆர்4 எடுக்கும் பி760 போர்ட். 14 கோர், உள் கிராபிக்ஸ் உண்டு. பழைய 32 ஜிபி ரேமையும் பழைய கார்ட்டையும் அப்படியே குத்தினேன். டைம்லைனைத் தட்டியதும் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவன் கொட்டேஷன் தாளை எடுத்து, போர்ட் விலை இருந்த வரியை இன்னொரு தரம் பார்த்தான். மிஞ்சிய காசில் ஒரு யூபிஎஸ்ஸும், கல்யாணங்களைச் சேமித்து வைக்க இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் எடுத்தான். இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கினால் அதற்கு யூஎஸ்பி ஓட்டை இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது, இரண்டு மிச்சம்.